விரதம் இருந்த வால்வு

குமரேசனின் இதயத்துக்குள் கிருமி போய்க் குடியேற வழி விட்டது ஒரு சொத்தைப் பல். நான்கு மாதமாகக் கிராம்பை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். "பல்லு வலிக்கெல்லாமாடா லீவு போடுவாங்க" என்று எண்பது மீட்டர் உயரத்துச் சாரத்தில் நின்று சிரித்த மனிதர், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் குளிர்காய்ச்சலில் பற்கள் தந்தியடிக்கக் கீழே இறங்கினார். தோள் கொடுத்து இறக்கியவன் இன்னாசி.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் அப்போது பறக்கும் பாரந்தூக்கிகள் எல்லாம் வந்துவிட்டிருந்தன. ஆனால் கப்பலின் மூலை முடுக்குகளில் சாரம் கட்டி, குழாய்களைப் பிணைக்கும் கவ்வியை முறுக்குவதற்கு மனிதக் கையைத் தவிர வேறெதுவும் தோதுப்படவில்லை. அதனால் புதுக்கோட்டைக்காரரான குமரேசனும் மணப்பாட்டுக்காரனான இன்னாசியும் மூன்று வருடமாக ஒரே பலகையில் நின்று வேலை பார்த்தார்கள். குமரேசனுக்கு நாற்பத்தொரு வயது, பயம் என்றால் என்னவென்று கேட்கும் ஆள். இன்னாசிக்கு இருபத்து நான்கு வயது. அவனுக்கு எல்லாமே பயம்தான். லிப்ட் கதவு மூடினால் பயம், வீட்டிலிருந்து போன் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். அந்தப் பயத்தோடேயே தினமும் எண்பது மீட்டர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் லிம் படம் வரைந்து காட்டினார். அவர் சொல்வதைத் தமிழில் சொன்னவள் யமுனா. அங்கே வால்வு வளர்க்கும் கூடத்தின் டெக்னீஷியன், உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்து, ஊர் வழக்கப்படி பேச்சில் 'லா' போடுகிற பெண்.

"இதயத்துலேர்ந்து ரத்தம் வெளிய போற வாசல்ல மூணு கதவு இருக்கு அண்ணே. அதுல ஒண்ண கிருமி தின்னுடுச்சு. பக்கத்துச் சுவர்ல சீழ் கட்டியிருக்கு. வெறும் மருந்துக்கு இது கேக்காது. கதவ நெலையோட பேத்து எடுத்துட்டு புதுசு வைக்கணும்."

"கடையில என்னென்ன கதவும்மா இருக்கு?" என்றார் குமரேசன், நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில்.

"உலோகத்துல ஒண்ணு இருக்கு. தேயவே தேயாது, நாளைக்கே வச்சிடலாம். ஆனா ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை போடணும். அடிபட்டா ரத்தம் லேசுல நிக்காது. அதனால உயரத்துல ஏற விடமாட்டாங்க."

"அப்ப ஊருக்கு டிக்கெட்டு."

உயரத்து வேலைக்கென்று கொடுக்கப்பட்ட பெர்மிட், உயரத்தில் ஏற முடியாதவனுக்குச் செல்லாது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். புதுக்கோட்டையில் குமரேசனின் இரண்டு பெண் பிள்ளைகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாட்டுச் சதையில செஞ்சது இருக்கு. மாத்திரை வேண்டாம். ஆனா உங்க வயசுக்குப் பத்து வருசத்துல தேஞ்சுடும், மறுபடி நெஞ்சத் தொறக்கணும். அப்புறம் இறந்து போனவங்க குடுத்த வால்வு. சீழ் புடிச்ச எடத்துக்கு நல்லா ஒட்டிக்கும், ஆனா உங்க அளவுக்கு இப்போ கையில இல்ல. கடைசியா ஒண்ணு இருக்கு, நாங்களே வளக்குறது. உங்க செல்ல எடுத்து, உங்களுக்குன்னே வளப்போம். பன்னெண்டு நாளாகும். மருந்து அது வரைக்கும் தாக்குப்பிடிக்கும்னு டாக்டர் நெனைக்கிறாரு. நெனைக்கிறாரு, அவ்ளோதான் லா. உறுதி கெடையாது."

"அது வச்சா சாரம் ஏறலாமா?"

"எவரெஸ்டே ஏறலாம்."

"அப்ப அதையே போடு."

"அதுக்கு ஒரு வாத்தியார் வேணும் அண்ணே."

யமுனா விளக்கினாள். அந்த வால்வு ஒரு கண்ணாடிச் சாடிக்குள் வளரும். வளரும்போதே திறந்து மூடிப் பழக வேண்டும். முதலில் மெஷின் துடிப்பை வைத்துப் பழக்கினார்கள். சாடிக்குள் பிரமாதமாக இருந்த வால்வு, மனிதனுக்குள் போய் அவன் முதல் மாடி ஏறும்போதே ஓரம் கிழிந்தது. பதிவு செய்த துடிப்பைப் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் தேறவில்லை. உயிரோடு நடமாடுகிற ஆளின் நெஞ்சிலிருந்து அந்தந்த நொடியே துடிப்பு வந்தால்தான் உருப்படியாக வளர்ந்தது.

"ஏன்னு கேக்காதீங்க, எங்களுக்கே தெரியாது. உங்க துடிப்பையே குடுக்கலாம்னா, உங்களோடது இப்போ ஒழுகுற நெஞ்சு. அத பாத்து இதுவும் ஒழுகப் பழகிக்கும். வேற ஒரு நல்ல நெஞ்சு வேணும். பன்னெண்டு நாள் மார்ல ஒரு பட்டை ஒட்டிக்கணும், எங்க இருந்தாலும் அது துடிப்ப சாடிக்கு அனுப்பிடும், வேற ஒண்ணுமில்ல."

குமரேசன் இன்னாசியைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்தான்.

"என் நெஞ்சு சரிப்பட்டு வராது அண்ணே. சும்மா இருக்கும்போதே குதிக்கும்."

"மூணு வருசமா ஒரே பலகையில நிக்கிறோம். நீ குதிச்சு நான் விழுந்திருக்கனாடா?"

அதற்கு மேல் அவனால் மறுக்க முடியவில்லை. பட்டை ஒட்டியதும் கூடத்துக்கு அழைத்துப்போய்ச் சாடியைக் காட்டினாள் யமுனா. உள்ளே கட்டைவிரல் அகலத்தில், நுங்குத் தோல் மாதிரி மெல்லிசாக ஒரு வளையம். அவன் நெஞ்சு அடிக்க அடிக்க அது வாயைத் திறந்து மூடியது. அவன் மூச்சைப் பிடித்தான். அதுவும் தயங்கியது. பயந்துபோய் வேகமாக மூச்சு விட்டான். அதுவும் படபடத்தது.

"பயமுறுத்தாதீங்க, கொழந்த அது" என்றாள் யமுனா.

அந்த ஒரு வார்த்தையை அவன் விடுதியில் போய்ச் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

விடுதியில் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒருவர் உண்டு, மதுரைக்காரர் சோலைமலை. ஒன்பது வருடமாகச் சிங்கப்பூரிலிருந்தே மாலை போட்டு, லீவெடுத்துச் சபரிமலைக்குப் போய் வருகிறவர். குமரேசனின் உயிர் இனி இன்னாசியின் நெஞ்சில் இருக்கிறது என்று கேட்டதும் அவர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு எழுந்து டிவியை அணைத்தார்.

"பன்னெண்டு நாளு. சுத்தபத்தமா இருக்கணும். கறி கூடாது, கோவம் கூடாது, சத்தம் கூடாது. விடியக்காலம் பச்சத் தண்ணி குளியலு. தனித் தட்டு, தனிப் பாயி. இன்னிலேர்ந்து எல்லாரும் இவன சாமின்னுதேன் கூப்புடணும்."

"அண்ணே, நான் கோயிலுக்குப் போறவன் இல்ல, சர்ச்சுக்குப் போறவன். எங்க ஊர்ல சாமின்னா பங்குச் சாமியாரு. நீளமா அங்கி போட்டிருப்பாரு. நான் கைலியில நிக்கேன்."

"சாமி பேசக் கூடாது. நெஞ்சு அதிரும்."

அன்றிலிருந்து அறையில் ஆட்கள் பூனை மாதிரி நடந்தார்கள். கேரம் போர்டில் காய் மோதும் சத்தம் கேட்கக் கூடாதென்று துண்டு விரித்து ஆடினார்கள்; காய் நகரவே இல்லை, ஆனாலும் ஆடினார்கள். வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பார் வந்தது. யாருக்காவது தும்மல் வந்தால் வெளியே ஓடினார்கள். கம்பெனி இரண்டு வாரம் லீவு கொடுத்திருந்ததால் இன்னாசிக்குப் பாயில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேலை இல்லை. சோலைமலை அவனுடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்னாசி தினமும் மணப்பாட்டிலிருக்கும் அக்கா எஸ்தருக்குப் போனிடம் வாயால் சொல்லி, அது எழுத்தாக்கும் செய்தியை அனுப்புகிறவன். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் அவள்தான். அந்த வேலையைச் சோலைமலை எடுத்துக்கொண்டார். போனை வாயருகே பிடித்து, "சாமி நலமாக உள்ளது. அமைதியாக உள்ளது. கவலை வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். மறு நிமிடம் எஸ்தரிடமிருந்து பதில் வந்தது. "எந்தச் சாமி? என் தம்பி எங்க?"

"தம்பிதேன் சாமி" என்று அனுப்பிவிட்டுப் போனை அணைத்தார்.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், இன்னாசிக்கு அது பிடித்திருந்தது. நெஞ்சு படபடக்காத ஒரு நாளை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. இப்போது நாள் முழுக்க நிமிடத்துக்கு அறுபது, அறுபத்திரண்டு. சாடியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த மெல்லிய வாய் கடலோரத்துச் சிற்றலை மாதிரி நிதானமாகத் திறந்து மூடியது. அப்போது யமுனா வேறு ஊருக்குப் பயிற்சிக்குப் போயிருந்தாள். மாற்றாள் பையன் திரையைப் பார்த்து, "அழகா இருக்கு" என்று மட்டும் சொல்வான். இன்னாசி பெருமையோடு திரும்பி வருவான்.

எட்டாம் நாள் யமுனா திரும்பி வந்தாள். அன்றுதான் முதல் சோதனை. சாடிக்குள் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பார்ப்பார்கள். இருநூறு வரை வால்வு ஒழுகாமல் மூட வேண்டும். நூற்றிருபதில் நன்றாக மூடியது. நூற்று முப்பதில் ஒரு கதவு தாமதமாக வந்து சேர்ந்தது. நூற்று நாற்பதில் மூன்றும் மூட மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

யமுனா அழுத்தத்தை இறக்கிவிட்டு, எட்டு நாள் துடிப்பையும் திரையில் ஓடவிட்டாள். நேர்கோட்டில் நட்ட நாற்று மாதிரி இருந்தது.

"எட்டு நாளா என்ன செஞ்சீங்க?"

"விரதம்."

"என்னது?"

சொன்னான். யமுனா அதை டாக்டர் லிம்முக்கு ஆங்கிலத்தில் சொல்ல ஐந்து நிமிடம் ஆனது. டாக்டர் பாதியிலேயே நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இந்த வால்வு தியானம் பண்ணுது" என்றாள் யமுனா. "இத ஒரு சாமியார் நெஞ்சுல வச்சா நூறு வருசம் ஓடும். குமரேசண்ணன் சாமியாரா? சாரம் ஏறப் போறவரு. கோவப்படுவாரு, மாடிப்படி ஏறுவாரு, மக கல்யாணத்துல அழுவாரு. அதெல்லாம் இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதானே கொழந்த, பயமுறுத்தாதன்னு சொன்னீங்க."

யமுனா வாயைத் திறந்து மூடினாள். "அது... சும்மா சொன்னது லா."

அடுத்த அறையில் குமரேசன் மருந்துக் குழாயோடு படுத்திருந்தார். நான்கு நாள்தான் பாக்கி என்பதும், வால்வு தேறாவிட்டால் உலோகக் கதவும் ஊர் டிக்கெட்டும்தான் என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் இன்னாசியைக் கூப்பிட்டார்.

"கறி கூட திங்கலயாடா?"

"இல்லண்ணே."

"மொதல்ல போயி தின்னு."

விடுதியில் சோலைமலை விஷயத்தைக் கேட்டு முகம் தொங்கிப்போய் உட்கார்ந்தார். "நல்லதுன்னு நெனச்சுத்தேன்யா செஞ்சேன்." பிறகு கேரம் போர்டிலிருந்த துண்டை உருவி எறிந்தார். "சரி. இப்ப என்ன, பயலோட நெஞ்சு எகிறணும். அம்புட்டுத்தானே."

அடுத்த இரண்டு நாள் அந்த அறை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மிளகாயை அரைத்துக் கோழி வறுத்தார்கள். பதினான்கு மாடியை ஓடி ஏறச் சொன்னார்கள். கேரமில் கண் முன்னால் சிவப்புக் காயைத் திருடிவிட்டு, "யார்யா பாத்தா?" என்றார்கள். பேய்ப் படம் போட்டுவிட்டு நடுவில் பின்னாலிருந்து பிடித்தார்கள். பிறகு சோலைமலை, சபரிமலையில் குரங்கு தன் இருமுடியைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை நடித்துக் காட்டினார். இன்னாசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். சாடியருகே இருந்து யமுனா செய்தி அனுப்பினாள்: "நூத்தி அறுபது தாங்குது. இப்போ என்ன செஞ்சீங்க? மறுபடி செய்ங்க." குரங்கு ஐந்து தடவை ஓடியது.

ஆனால் நூற்று எழுபதில் நின்றுவிட்டது. பத்தாம் நாள் சாயங்காலம் யமுனா சொன்னாள்: "வெளையாட்டுன்னு நெஞ்சுக்குத் தெரிஞ்சுடுது. நெசமா ஏதாவது வேணும்."

இன்னாசி விடுதி வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தான். நிஜமாக அவனை நடுங்க வைக்கிற விஷயம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. சோலைமலையிடமிருந்து திரும்பி வந்திருந்த போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான்.

"ஏலே, உயிரோட இருக்கியா? சாமிங்கான், அமைதிங்கான், எவன்லே அவன்? நான் பாதர்ட்ட போயி உன் பேருல பூசைக்கே எழுதிக் குடுத்துட்டேன்."

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நான் ஆபீஸ்ல இல்லக்கா."

"பின்ன எங்க இருக்க? வெளியவா?"

"இல்லக்கா. மூணு வருசமாவே ஆபீஸ்ல இல்ல. ஏசி ரூம்னு சொன்னது பொய். சாரம் கட்டுற வேல. எண்பது மீட்டர் மேல."

அவன் காதுக்குள் அவனுடைய ரத்தம் இரைவது அவனுக்கே கேட்டது.

"எண்பது மீட்டர்னா எம்புட்டு?" என்றாள் எஸ்தர் மெதுவாக.

"நம்ம சர்ச்சு கோபுரத்துக்கு மேல இன்னொரு கோபுரம்."

அதன் பிறகு எஸ்தர் நாற்பது நிமிடம் பேசினாள். ஓணான் மேலே விழுந்ததற்கே மூன்று நாள் காய்ச்சலில் கிடந்த பயல் என்பதில் ஆரம்பித்து, செத்துப்போன அப்பாவைச் சாட்சிக்கு இழுத்து, ஊருக்கு வந்தால் காலை முறிப்பதாகச் சொல்லி, நடுவில் அழுது, அழுததற்கும் அவனையே திட்டினாள். கடைசியில், "கயிறாவது ஒழுங்கா கட்டுவியாலே?" என்றாள்.

"ரெண்டு கயிறுக்கா."

"மூணா கட்டு."

அவன் போனை வைத்தபோது சட்டை நனைந்திருந்தது. நெஞ்சு இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது, ஆனால் மூன்று வருடமாக அதன்மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிருந்தது. யமுனாவிடமிருந்து செய்தி வந்திருந்தது. "நூத்தி எண்பத்தஞ்சு. யாரு அந்த டீச்சர்?"

பதினோராம் நாள் காலை பத்து மணிக்குக் குமரேசனின் துடிப்பு திடீரென்று முப்பத்தெட்டுக்கு இறங்கியது. சீழ் சுவருக்குள் இறங்கி, துடிப்பு போகிற பாதையைத் தொட்டுவிட்டது. தற்காலிகமாகக் கம்பி வைத்துத் துடிப்பைத் தூக்கினார்கள். அவர் அரை மயக்கத்தில் இருந்தார். இனி ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது என்றார் டாக்டர் லிம். கையில் இருப்பது இரண்டு: எப்போதும் தயாராக இருக்கும் உலோகக் கதவு, இருநூறுக்குப் பதினைந்து குறைவாக நிற்கும் வளர்ப்பு வால்வு. குமரேசன் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தது முழுதாகத் தேறிய வால்வுக்கு. தேறாததை வைப்பதென்றால் குடும்பம் சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டையிலிருந்து குமரேசனின் மனைவி தெய்வானை திரையில் வந்தார். பக்கத்தில் இரண்டு பெண்கள். யமுனா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். கதவு கிழிந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள்.

தெய்வானை கேட்டு முடித்துவிட்டு, "தம்பி இருக்கா அங்க?" என்றார்.

இன்னாசி திரைக்கு முன்னால் வந்தான்.

"உங்க அண்ணன் உயரம் ஏறாட்டி நாங்க பட்டினி கெடக்க மாட்டோம். இங்க ஆடு மாடு இருக்கு. ஆனா அந்த மனுசன் முழிச்சுப் பாத்துட்டு, ஏன்டி என்னைய தரையில எறக்குனன்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல. உன்னோட நெஞ்ச பாத்துத்தான அது வளந்திருக்கு. நீ என்ன சொல்ற?"

இன்னாசி அறையைச் சுற்றிப் பார்த்தான். டாக்டர் பார்த்தார், யமுனா பார்த்தாள். யமுனாவின் பின்னால் திரையில் அவன் நெஞ்சு நூற்று நாற்பதில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் தெரியும்படி. மறைக்க ஒன்றுமில்லை.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு அண்ணி" என்றான். "ஆனா எனக்கு எப்பவுமே பயம்தான். பயந்துக்கிட்டேதான் ஏறுவேன், ஒரு நாளும் பாதியில எறங்குனது இல்ல. இந்த மூணு நாளா அதுவும் அதத்தான் படிச்சிருக்கு. தாங்கும்னு தோணுது."

யமுனா சட்டென்று சாடியின் திரைப் பக்கம் திரும்பினாள். அவன் பேசிக்கொண்டிருந்தபோதே அழுத்தத்தை ஏற்றியிருந்தாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மூன்று கதவுகளும் சேர்ந்து மூடியிருந்தன.

தெய்வானை அந்த எண்ணைப் பார்க்கவில்லை. அதற்குள்ளேயே, "அதையே வைங்க" என்று சொல்லியிருந்தார்.

சாடியை எடுத்துப் போகும் முன் யமுனா இன்னாசியின் மாரிலிருந்து பட்டையை உரித்தாள். ரோமத்தோடு வந்தது. அவன் "ஆ" என்றான். சாடிக்குள் அந்த வளையம் முதல் முறையாக அவனைக் கேட்காமல் சும்மா கிடந்தது. ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. சாயங்காலம் டாக்டர் லிம் வெளியே வந்து, தமிழில் தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னார். "நல்லா."

மூன்று மாதம் கழித்துக் கடைசிச் சோதனை. ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வெளியே இருக்கும் இரும்புப் படிக்கட்டில் நான்கு மாடி ஏற வேண்டும். துறைமுகம் முழுக்கத் தெரியும் இடம். குமரேசன் முன்னால் போனார், பின்னால் இன்னாசி, நடுவில் கருவியோடு யமுனா. நான்கு நிமிடத்தில் ஏறி முடித்தார். யமுனா கருவியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"பிரமாதம் அண்ணே. சொட்டு ஒழுகல. அப்புறம் ஏன் செவத்தக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கிறீங்க?"

"கீழ பாத்துட்டேன்மா."

"பதினஞ்சு வருசமா பாக்காததா?"

"பாத்தேன். இப்புடித் தெரியல." குமரேசன் கண்ணை இறுக்கி மூடினார். "யமுனா, நெசத்தச் சொல்லு. இந்தப் பய நெஞ்சுலேர்ந்து எதாச்சும் ஒட்டிக்கிட்டு வந்துருச்சா?"

"அது வெறும் சதை அண்ணே. பயப்பட அதுக்கு மூள கெடையாது. இந்தப் பயம் பூராவும் உங்களோடதுதான். இத்தன வருசமா எங்க வச்சிருந்தீங்களோ."

குமரேசன் ஒரு கண்ணை மட்டும் திறந்து இன்னாசியைப் பார்த்தார். "இதோடயாடா தெனம் என் பக்கத்துல நின்ன?"

"ஆமாண்ணே."

"சொல்லவே இல்ல."

"நீங்க கேக்கல."

யமுனா சான்றிதழை நீட்டினாள். எந்த உயரத்திலும் வேலை செய்ய முழுத் தகுதி என்று இருந்தது. குமரேசன் அதைச் சுவரோடு சாய்ந்தபடியே படித்தார்.

"ஏம்மா, கீழ ஸ்டோர்ல நின்னு கவ்வி எண்ணிக் குடுக்கத் தகுதின்னு மாத்தி எழுத முடியாதா?"

"அப்புடி எழுதுனா பெர்மிட்டே போயிடும் அண்ணே. உயரம் ஏறலாம்னு இருந்தாத்தான் இங்க இருக்க விடுவாங்க. இருந்தாத்தான் கம்பெனிகிட்ட கீழ நிக்கிறேன்னு கேக்கலாம்."

"ஆக, கீழ நிக்கிறதுக்குத்தான் உசுரப் பணயம் வச்சு மேல ஏறத் தெம்பு வாங்கியிருக்கேன்."

"அப்படித்தான் வருது."

குமரேசன் சிரிக்க ஆரம்பித்தார். தையல் ஆறிய நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கருவியில் எண் எகிறியது. யமுனா அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் கருவியை அணைத்துவிட்டுத் தானும் சேர்ந்துகொண்டாள்.

பிறகு அவர் சான்றிதழை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, முதுகைத் திருப்பி, ஏணியில் இறங்குகிற மாதிரி இறங்கினார். இன்னாசி ஒரு படி கீழே நின்று, "இடது காலு அண்ணே, இப்ப வலது" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஏற நான்கு நிமிடம் ஆன படிக்கட்டில் இறங்க இருபது நிமிடம் ஆனது.